1 போட்டாயிற்று, 2 உம் 3 உம் யாருக்கு?

வாசகர் கேள்வி – பதில்

இலங்கையின் ஜனாதிபதித் தேர்தலில் ஒரு வேட்பாளரை எப்படித் தெரிவு செய்வது என்று வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில். இந்தத் தேர்தலில் வாக்காளர் ஒருவர் தன் விருப்ப வரிசைப்படி மூன்று வேட்பாளர்கள் வரை 1, 2, 3 என்று எண் போடலாம். யாருக்குப் போட வேண்டும் என்று இந்தப் பக்கம் சொல்லாது. எதை வைத்துத் தீர்மானிக்கலாம், தீர்மானித்ததை வாக்குச்சீட்டில் எப்படிப் பதியலாம் என்பதைச் சொல்லும்.

2024 இல் தமிழ்ப் பொது வேட்பாளரின் சங்குச் சின்னத்துக்கு 1 மட்டும் போட்டேன். 2, 3 போட்டால் 1 இன் பலம் குறைந்துவிடும் என்று ஊரில் பிரசாரம் செய்தவர்கள் சொன்னார்கள். அது உண்மையா?
– வாசகர், மட்டக்களப்பு

உண்மையில்லை. உங்களுடைய 1 எண்ணப்பட்டு, அந்த வேட்பாளர் போட்டியிலிருந்து வெளியேறிய பிறகுதான் உங்கள் 2 ஐ யாரும் பார்ப்பார்கள். அவர் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்துவிட்டால் 2 ஐயும் 3 ஐயும் யாரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. ஆகவே பின்னுக்கு எழுதிய எண் முன்னுக்கு எழுதிய எண்ணைக் குறைக்க வழியே கிடையாது.

எண்ணும் முறை இதுதான். முதல் சுற்றில் எல்லாருடைய 1 களும் எண்ணப்படும். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் எடுத்தால் அதோடு முடிந்தது. 1982 முதல் 2019 வரை நடந்த எட்டு ஜனாதிபதித் தேர்தல்களும் அப்படித்தான் முடிந்தன. ஒருவரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஒரே தடவையில் நீக்கப்படுவார்கள். பிறகு நீக்கப்பட்டவர்களின் வாக்குச்சீட்டுகள் மட்டும் திரும்ப எடுக்கப்படும். அதில் 2 எஞ்சிய இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவருக்குச் சேரும். இல்லையென்றால் 3 பார்க்கப்படும். அதுவும் இல்லையென்றால் அந்தச் சீட்டு யாருக்கும் சேராமல் ஒதுக்கி வைக்கப்படும்.

2024 ஐ வைத்து மூன்று சீட்டுகளைப் பாருங்கள். சிலிண்டர் ரணில் விக்கிரமசிங்கவின் சின்னம், டெலிபோன் சஜித் பிரேமதாசவினது, திசைகாட்டி அநுர குமார திசாநாயக்கவினது. முதலாவதில் சங்கு 1, சிலிண்டர் 2, டெலிபோன் 3. சங்கு வெளியேறியது, சிலிண்டரும் வெளியேறியது, ஆகவே 3 பார்க்கப்பட்டு டெலிபோனுக்கு ஒரு வாக்குச் சேரும். இரண்டாவதில் சங்கு 1, சிலிண்டர் 2, அவ்வளவுதான். அது ஒதுக்கப்பட்டுவிடும். மூன்றாவதில் டெலிபோன் 1, திசைகாட்டி 2. டெலிபோன் கடைசிச் சுற்றில் நின்றதால் அந்த 2 ஐ யாரும் தொடவே மாட்டார்கள்.

அந்தத் தேர்தலில் செல்லுபடியானவை 13,319,616 வாக்குகள். அநுர குமார திசாநாயக்க 5,634,915 (42.31 சதவீதம்), சஜித் பிரேமதாச 4,363,035 (32.76 சதவீதம்). இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் சுற்று எண்ணப்பட்டது. நீக்கப்பட்ட வேட்பாளர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து இருவருக்கும் சேர்ந்து போனவை 273,131 மட்டுமே. அதாவது நூற்றுக்கு எட்டுச் சொச்சம். மற்ற 30 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடைசித் தீர்மானத்தில் பங்கெடுக்காமலே விலகிவிட்டார்கள். இதில் விரும்பி விலகியவர்களும் இருப்பார்கள். ஆனால் "2 போட்டால் 1 கெடும்" என்ற பொய்யை நம்பி விட்டவர்களை நினைத்தால்தான் மனம் பொறுக்கவில்லை.

ஒரு நடைமுறைக் கணக்கும் உண்டு. வெல்லக்கூடியவர்கள் மூவர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மனதுக்குப் பிடித்தவர் அந்த மூவருக்கு வெளியே இருக்கிறார். 1 ஐ அவருக்கே போடுங்கள். 2 ஐயும் 3 ஐயும் அந்த மூவரில் இருவருக்குப் போடுங்கள். கடைசிச் சுற்றுக்கு யார் இருவர் போனாலும் அதில் ஒருவராவது உங்கள் பட்டியலில் கட்டாயம் இருப்பார். நீங்கள் எண் போடாமல் விட்ட மூன்றாமவர், எந்த நிலையிலும் வரக்கூடாது என்று நீங்கள் நினைப்பவராக இருக்கட்டும்.

என் தாயார் எப்போதும் புள்ளடிதான் (X) போடுவார். அது செல்லுமா? எந்தச் சீட்டுகளை நிராகரிக்கிறார்கள்?
– வாசகி, கிளிநொச்சி

ஒரே ஒருவருக்கு மட்டும் புள்ளடி போட்டால் அது முதல் விருப்பாக எண்ணப்படும். ஆனால் புள்ளடி போட்டவர் தன் இரண்டாம், மூன்றாம் விருப்பைச் சொல்ல முடியாது. புள்ளடியையும் எண்களையும் ஒரே சீட்டில் கலக்கவே கூடாது. விருப்பு வாக்கு போடுவதென்றால் 1, 2, 3 என்று எண்களால் மட்டும் போடச் சொல்லுங்கள்.

வெறுஞ்சீட்டு, இருவருக்கு 1 போட்டது, ஒருவருக்கு மேல் புள்ளடி போட்டது, 1 இல்லாமல் 2 அல்லது 3 மட்டும் உள்ளது, வாக்காளர் யார் என்று அடையாளம் காட்டும் எழுத்தோ கையொப்பமோ உள்ளது ஆகியவை நிராகரிக்கப்படும். 2024 இல் 300,300 சீட்டுகள் இப்படிப் போயின. 38 பேர் களத்தில் நின்ற நீளமான வாக்குச்சீட்டில் பெயரைத் தேடி, பக்கத்துக் கட்டத்தில் எண்ணை எழுதிவிடுவதும் நடக்கும். பெயர்கள் சிங்கள அகரவரிசையில் அச்சிடப்படுவதால் தமிழ் வாசகருக்கு வரிசை பிடிபடாது. சின்னத்தைப் பார்த்து, அந்த வரியில் விரலை வைத்து, கட்டம் வரை நகர்த்திக்கொண்டு போய் எழுதினால் பிசகாது.

எவர் வந்தாலும் எங்களுக்கு ஒன்றும் நடக்காது. ஒட்டுமொத்தமாகப் புறக்கணித்தால் அதுவே ஒரு செய்தி இல்லையா?
– வாசகர், பருத்தித்துறை

புறக்கணிப்பு ஓர் அரசியல் நிலைப்பாடு. அதை எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் எடுக்கும் முன் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். வெற்றிக்குத் தேவையான பாதி, பதிவான வாக்காளரின் பாதி அல்ல. செல்லுபடியான வாக்குகளின் பாதி. ஒருவர் வீட்டில் இருந்தாலும், சீட்டைப் பழுதாக்கினாலும், முன்னணியில் இருப்பவர் தாண்ட வேண்டிய கோடுதான் கீழே இறங்கும்.

2005 இல் நடந்தது இது. மகிந்த ராஜபக்சவுக்கு 4,887,152, ரணில் விக்கிரமசிங்கவுக்கு 4,706,366. வித்தியாசம் 180,786. பாதிக் கோட்டை மகிந்த தாண்டியது 28,632 வாக்குகளால் மட்டுமே. விடுதலைப் புலிகள் புறக்கணிக்கச் சொன்ன அந்தத் தேர்தலில், ஏழு இலட்சம் பேர் பதிவாகியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். மக்கள் சுதந்திரமாகத் தீர்மானிக்கக்கூடிய சூழல் அன்று இருக்கவில்லை என்பதையும் மறக்கக்கூடாது. வாக்களித்திருந்தால் எல்லாரும் ஒருவருக்கே போட்டிருப்பார்கள் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 28,632 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அந்த ஏழு இலட்சத்தை வைத்துப் பார்த்தால், செய்தி எங்கே போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும்.

"இவர்களில் ஒருவரும் எங்களுக்கு உரியவர் அல்ல" என்பதைப் பதிவு செய்ய விரும்பினால், நம்பிக்கை உள்ள ஒரு சிறிய வேட்பாளருக்கு 1 போடுவது அந்தச் செய்தியை எண்ணிக்கையாக மாற்றும். 2024 இல் தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனுக்குக் கிடைத்த 226,343 வாக்குகள் முடிவுப் பட்டியலில் மாவட்டவாரியாக அச்சில் இருக்கின்றன. போடாமல் விட்ட வாக்குகளுக்கு அப்படி ஓர் அச்சு இல்லை. சோர்ந்துபோய் வராமல் இருந்தவரும், நோயில் கிடந்தவரும், கொள்கைக்காகப் புறக்கணித்தவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடுவார்கள்.

முதல் தடவையாக வாக்களிக்கப் போகிறேன். எல்லாருடைய விஞ்ஞாபனமும் ஒரே மாதிரி இருக்கிறது. எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பது?
– மாணவி, வவுனியா

முழுவதையும் வாசிக்க முயல வேண்டாம். உங்கள் வாழ்க்கையை நேரடியாகத் தொடும் மூன்று விடயங்களை மட்டும் எடுங்கள். அந்த மூன்றையும் ஒவ்வொரு வேட்பாளரின் விஞ்ஞாபனத்திலும் தேடிக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றிடமும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதைச் செய்யும் அதிகாரம் யார் கையில்? பணம் எங்கிருந்து? எத்தனை மாதத்தில்? இவரோ இவருடைய கட்சியோ அதிகாரத்தில் இருந்தபோது இதில் என்ன செய்தது?

பெரும்பாலான வாக்குறுதிகள் முதல் கேள்வியிலேயே பிரிந்துவிடும். ஜனாதிபதி தன் கையொப்பத்தால் செய்யக்கூடியவை சில. முப்படைகளின் தலைமைத் தளபதி அவர். இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணியை விடுவிக்க அவர் உத்தரவு போதும். அமைச்சர்களையும் அமைச்சுச் செயலாளர்களையும் நியமிப்பது, பொதுமன்னிப்பு வழங்குவது ஆகியவையும் அவருடையவை. அவசரகால நிலையை அவர் பிரகடனம் செய்யலாம், ஆனால் 14 நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் அது காலாவதியாகும்.

அடுத்தவை பாராளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை தேவைப்படுபவை. மாகாணசபைத் தேர்தலை எடுங்கள். "வந்தவுடன் நடத்துவேன்" என்று ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது சொல்வார்கள். 2014 க்குப் பிறகு அந்தத் தேர்தல் ஆண்டுக்கணக்கில் நடக்காமல் கிடந்ததற்குக் காரணம், 2017 இல் தேர்தல் முறையை மாற்றிய சட்டத்திருத்தமும், அதன்படி தயாரித்த எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 இல் தோற்கடித்ததும்தான். பழைய முறைக்குத் திரும்பச் சட்டம் திருத்த வேண்டும், அல்லது எல்லை நிர்ணயத்தை முடிக்க வேண்டும். இரண்டில் எதைச் செய்வார் என்று சொல்லாத வேட்பாளரின் வாக்குறுதியில் பொருளில்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டமும் அப்படித்தான். 1979 ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை நீக்குவது பாராளுமன்றத்தின் வேலை. ஆனால் அதன் கீழ் தடுப்புக்காவல் உத்தரவில் கையொப்பமிடுவது பொறுப்பான அமைச்சர். பாதுகாப்பு அமைச்சு ஜனாதிபதியிடம் இருக்கும்போது அந்தப் பேனாவும் அவரிடம்தான் இருக்கும். ஒரு தடவையில் மூன்று மாதம், நீடித்து நீடித்து முன்பு 18 மாதம் வரை, 2022 திருத்தத்துக்குப் பின் 12 மாதம் வரை. ஆகவே "நீக்குவேன்" என்பவரிடம் கேட்க வேண்டியது, "நீக்கும் வரை அந்த உத்தரவில் கையொப்பம் இடுவீர்களா?" என்பதுதான். அதற்கு ஆம் இல்லை என்று பதில் சொல்லாமல் நழுவ முடியாது.

இவற்றுக்கும் மேற்படியில் இருப்பவை மூன்றில் இரண்டு பெரும்பான்மை, அதாவது 225 பேரில் 150 பேர், தேவைப்படுபவை. அரசியலமைப்பின் சில ஏற்பாடுகளுக்கு அதற்கு மேல் சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பது இந்த வகை. 1994 முதல் வென்ற பலர் அதை வாக்குறுதியாகக் கொடுத்தார்கள். முறை அப்படியே இருக்கிறது.

பாராளுமன்றம் அவர் கையில் வருமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2024 செப்டெம்பரில் வென்றபோது அநுரவின் கட்சிக்கு 3 ஆசனங்களே இருந்தன. பாராளுமன்றம் கூடி இரண்டரை ஆண்டு கடந்திருந்ததால் உடனே கலைக்க முடிந்தது. நவம்பரில் 159 கிடைத்தது. கலைக்க முடியாத காலத்தில் வென்றிருந்தால் நிலைமை வேறு.

பணத்துக்கு வருவோம். இதற்கு 2019 ஐ விடத் தெளிவான பாடம் கிடையாது. வரியைக் குறைப்பேன் என்று சொல்லி வென்றார் கோட்டாபய ராஜபக்ச. சொன்னபடியே செய்தார். பெறுமதி சேர் வரி 15 இலிருந்து 8 சதவீதமானது. ஆண்டுக்கு 12 மில்லியன் ரூபா விற்பனை உள்ளவர்கள் பதிய வேண்டும் என்றிருந்தது 300 மில்லியனாக உயர்ந்தது. ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் வரிவலையிலிருந்தே வெளியேறின. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 12 சதவீத அளவில் இருந்த அரச வருமானம் 2021 இல் 8 சதவீத அளவுக்கு விழுந்தது. கடன் தரமதிப்பீடு இறங்கி வெளிநாட்டுச் சந்தையில் கடன் வாங்கும் வழி அடைபட்டது. கொரோனாவும் வந்து சேர்ந்தது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த வரியே 2024 ஜனவரியில் 18 சதவீதமாகத் திரும்பி வந்தது. வாக்குறுதி நிறைவேறியதுதான் இங்கே பிரச்சினை. "செய்வாரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, "செய்தால் என்ன ஆகும்?" என்று கேட்காமல் விட்டோம்.

இப்போது வரிச்சலுகை பேசுபவரிடம் கேட்க ஓர் அளவுகோல் கையில் இருக்கிறது. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 இல் செய்த உடன்பாட்டின்படி, வட்டிக் கொடுப்பனவு நீங்கலாக வரவு செலவில் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 2.3 சதவீதம் மிச்சம் காட்ட வேண்டும். ஒரு பொருளுக்கு வரி நீக்குவதாகச் சொன்னால், அந்தத் துண்டை எந்த வரியால் அல்லது எந்தச் செலவை வெட்டி அடைப்பார் என்று விஞ்ஞாபனத்தில் இருக்க வேண்டும். அல்லது உடன்பாட்டை மாற்றப்போவதாகவும், எப்படி மாற்றப்போகிறார் என்றும் இருக்க வேண்டும்.

ஆளைப் பார்ப்பதும் முக்கியம். கோட்டாபயவின் அதே 2019 விஞ்ஞாபனத்தில் சேதன விவசாயத்துக்கு மாற பத்து ஆண்டு என்று இருந்தது. 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டது. விஞ்ஞாபனத்தை மட்டும் வாசித்தவர் இதை ஊகித்திருக்க முடியாது. ஒரு வேட்பாளர் யாரிடம் ஆலோசனை கேட்கிறார், தவறென்று தெரிந்தபின் எவ்வளவு நாளில் திருத்தினார் என்பதை அவருடைய பழைய பதவிக்காலத்தில் தேடுங்கள். பாராளுமன்றத்தில் இருந்தவரென்றால் எந்தச் சட்டத்துக்குக் கை உயர்த்தினார் என்பது பாராளுமன்ற விவாதப் பதிவான ஹன்சாட்டில் இருக்கும்.

தோட்டத் தொழிலாளருக்கு ஒவ்வொரு தேர்தலிலும் ஒரு சம்பளத் தொகை சொல்கிறார்கள். எதை நம்புவது?
– வாசகர், ஹட்டன்

தொகையை விட்டுவிட்டு வழியைக் கேளுங்கள். நாட்சம்பளத்தை ஜனாதிபதி நிர்ணயிப்பதில்லை. தொழிற்சங்கங்களும் கம்பனிகளும் அரசு நியமித்தவர்களும் உட்காரும் சம்பளச் சபை தீர்மானிக்கிறது. அது வர்த்தமானியில் வரவேண்டும். வந்த பிறகும் கம்பனிகள் நீதிமன்றம் போகலாம்.

2020 மார்ச் முதல் 1,000 ரூபா என்று ஜனாதிபதி மட்டத்திலிருந்தே அறிவிப்பு வந்தது. சம்பளச் சபை ஊடாக அது நடைமுறைக்கு வந்தது 2021 மார்ச்சில். 2024 மே தினத்தை ஒட்டி 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கின. தேர்தலுக்குச் சில நாட்கள் முன் அடிப்படைச் சம்பளம் 1,350 என்று வந்து நின்றது. மிச்சம் 350 மேலதிகக் கொழுந்துக்கான ஊக்குவிப்பாகக் கணக்கிடப்பட்டது.

ஆகவே கேள்விகள் இவை: நீங்கள் சொல்லும் தொகை அடிப்படைச் சம்பளமா, கொடுப்பனவுகள் சேர்ந்ததா? சேமலாப நிதி எந்தத் தொகைக்குக் கணக்கிடப்படும்? மாதத்தில் எத்தனை நாள் வேலை உறுதி? கம்பனி வழக்குப் போட்டால் அடுத்த நடவடிக்கை என்ன? நாட்சம்பளம் கூடி வேலைநாள் குறைந்தால் மாத முடிவில் கைக்கு வருவது கூடாது. சம்பளச்சீட்டு இரண்டை எடுத்து, வேலைநாளையும் கழிவுகளையும் வைத்துத் தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் கேட்டால் வேட்பாளர் மேடையில் சொல்லும் தொகையின் உண்மையான பெறுமதி தெரியும். அது கிடைக்கும் வரை தொகையை ஒரு விருப்பமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆதரிக்கும் கட்சி ஒருவரைச் சொல்கிறது, வீட்டில் ஒருவரைச் சொல்கிறார்கள், எனக்கு வேறொருவரைப் பிடிக்கிறது. மக்கள் உண்மையில் எப்படித்தான் முடிவெடுக்கிறார்கள்?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பெரும்பாலும் பிரசாரம் தொடங்கும் முன்னரே. 1940 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஒஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே ஆட்களை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் சந்தித்துக் கேட்டார்கள். பாதிப்பேர் மே மாதமே முடிவு செய்திருந்தார்கள். ஒரு வேட்பாளரிடமிருந்து இன்னொருவருக்கு மாறியவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. பத்திரிகையையும் வானொலியையும் விட, தங்களுக்குத் தெரிந்த, அரசியலைக் கவனிக்கும் ஓர் ஆளின் பேச்சையே மக்கள் அதிகம் நம்பினார்கள். வட்ஸ்அப் காலத்திலும் அந்த ஆள் இருக்கிறார், செய்தியை அனுப்பி வைப்பவராக. அவர் அனுப்பியது கட்சிக் கடிதத்தலைப்பில் வந்த அறிக்கை என்றால் கட்சியின் சொந்தப் பக்கத்திலும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கடைசி இரண்டு நாட்களில் வரும் "வேட்பாளர் விலகிவிட்டார்" வகைச் செய்திகள் நம்பத்தகாதவை. வேட்புமனு ஏற்கப்பட்ட பின் பெயர் சீட்டில் அப்படியே இருக்கும்.

கட்சி சொல்வதன் பெறுமதி, கட்சி ஒரே குரலில் சொல்கிறதா என்பதைப் பொறுத்தது. 2024 இல் தமிழரசுக் கட்சி சஜித்தை ஆதரிக்கத் தீர்மானித்தது. அதே கட்சியைச் சேர்ந்த அரியநேத்திரன் பொது வேட்பாளராக நின்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, அரியநேத்திரனுக்கு 116,688, ரணிலுக்கு 84,558, அநுரவுக்கு 27,086. இரண்டே மாதத்தில் பாராளுமன்றத் தேர்தலில் அதே மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 அநுரவின் தேசிய மக்கள் சக்திக்குப் போயின. சாதி, ஊர், கட்சி என்று வாக்காளரைப் பெட்டிக்குள் அடைத்துப் பேசுபவர்கள் இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

இன்னொரு பொதுவான பழக்கம், கடைசி ஆண்டை மட்டும் நினைவில் வைத்துத் தீர்ப்புச் சொல்வது. ஐந்து ஆண்டு ஆட்சியை மதிப்பிடும்போது தேர்தல் ஆண்டின் சலுகை பெரிதாகத் தெரியும். தொடக்க ஆண்டின் அரிசி, மண்ணெண்ணெய், மின்கட்டண விலைகளையும் உங்கள் வருமானத்தையும் இன்றைய நிலையோடு ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று பொருளல்ல. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 2024 செப்டெம்பரில் அது பூச்சியத்துக்கும் கீழ். ஆனாலும் 2022 இல் ஏறிய விலை பெரும்பகுதி ஏறியபடியே நின்றது. நெருக்கடியை நிறுத்திய ரணிலுக்கு 17.27 சதவீதமே கிடைத்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இந்த இடைவெளியையும் அவற்றில் ஒன்றாகவே நான் பார்க்கிறேன்.

வீட்டில் சொல்பவரோடு சண்டை வேண்டாம். காரணத்தைக் கேளுங்கள், மேலே சொன்ன நான்கு கேள்விகளால் சோதியுங்கள். பிறகு மறைப்புக்குள் நீங்கள் தனியாகத்தான் நிற்கிறீர்கள். சீட்டைப் படம் எடுத்து வந்து காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வாக்களிப்பு நிலையத்துக்குள் படம் எடுப்பதே தடை.

வெல்லப்போகிறவருக்குப் போட்டால்தான் வாக்கு வீணாகாது என்கிறார்களே? கருத்துக்கணிப்புகளை நம்பலாமா?
– வாசகர், கல்முனை

வென்றவருக்கு விழுந்த வாக்குகளில் பாதிக் கோட்டுக்கு மேலே உள்ளவையும் இல்லாமலே அவர் வென்றிருப்பார். எனவே வெல்பவருக்குப் போடுவதால் வாக்குக்குத் தனிப்பெறுமதி வராது. அத்தோடு நமது முறையில் அந்தக் கவலைக்கே இடமில்லை. மனதுக்குப் பிடித்தவருக்கு 1, வெல்லக்கூடியவர்களில் ஏற்கத்தக்கவருக்கு 2.

கருத்துக்கணிப்பில் முதலில் ஆட்களை எப்படித் தெரிவு செய்தார்கள் என்று பாருங்கள். முகநூலில் ஒரு இலட்சம் பேர் அழுத்தியது கணிப்பு ஆகாது. எழுமாற்றாகத் தெரிந்த ஆயிரம் பேர் போதும், பிழை இரு பக்கமும் 3 சதவீத அளவில் நிற்கும். ஆனால் இருவருக்கு இடையிலான வித்தியாசத்துக்கு அந்தப் பிழை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 36 இற்கு 32 என்றால் முந்தியவர் யார் என்று அந்தக் கணிப்பால் சொல்ல முடியாது. நாடு முழுவதுக்குமான ஆயிரம் பேரில் வடக்குக் கிழக்கைச் சேர்ந்தவர்கள் இருநூறு பேர்கூட வரமாட்டார்கள், ஆகவே அதை வைத்துத் தமிழரின் விருப்பம் இது என்று எழுதினால் ஒதுக்கிவிடுங்கள். எப்போது கேட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள், தீர்மானிக்கவில்லை என்றவர்களை எங்கே சேர்த்தார்கள் என்பவையும் எழுதியிருக்க வேண்டும்.

வேட்பாளர்களின் சொத்து, செலவு விபரங்களைச் சாதாரண வாக்காளர் பார்க்க முடியுமா?
– வாசகி, திருகோணமலை

முடியும். 2024 இல் வேட்பாளர்கள் கொடுத்த சொத்து, பொறுப்பு அறிக்கைகளைத் தேர்தல்கள் ஆணைக்குழு வெளியிட்டது. மொத்தத் தொகையைப் பார்த்து வியப்பதைவிட, வங்கிக் கடன்களையும் நிறுவனப் பங்குகளையும் பாருங்கள். நாளை எந்தத் துறைக்குச் சலுகை போகக்கூடும் என்பதற்கு அங்கேதான் தடயம் இருக்கும். முன்பு பதவியில் இருந்தவரென்றால், வருமானத்துக்கும் சொத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதையும் பார்க்கலாம்.

செலவுக்கு 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் உச்சவரம்பு வைக்கிறது. 2024 இல் ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. 17,140,354 வாக்காளருக்கும் சேர்த்து ஒரு வேட்பாளர் 186 கோடி ரூபாவுக்குச் சற்று மேல் செலவழிக்கலாம். முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். கணக்குத் தேர்தலுக்குப் பிறகுதான் வருகிறது என்பதால் வாக்களிக்கும்போது அது உதவாது. ஆனால் சென்ற தடவை நின்ற ஒருவர் மறுபடி நின்றால், அவர் அந்த அறிக்கையை உரிய நாளில் கொடுத்தாரா, நன்கொடையாளரைக் காட்டினாரா என்று தேர்தல்கள் ஆணைக்குழுவிடம் விசாரிக்கலாம்.